அந்தப் புல் விதை

தெற்கு அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவுக்குப் போன கப்பல் பயணக் கட்டுரையில், வெளியிலிருந்து விதையோ எலியோ நுழைந்துவிடாமல் கரையிறங்கும் முன் நடக்கும் பரிசோதனையை 'நேர விரயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்க முடியவில்லை. நானும் போயிருக்கிறேன். என் ஜாக்கெட்டின் வெல்க்ரோ பட்டையில் சிக்கியிருந்த ஒரே ஒரு புல் விதையை இடுக்கியால் எடுத்துக் காட்டினார்கள். பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணையும் விடவில்லை.

சீல், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகள் அங்கே தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, குஞ்சு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஹெலிகாப்டரில் பல வருடம் விஷ உணவு தூவி, 2018இல்தான் எலியில்லாத தீவு என்று அறிவித்தார்கள். சினை எலி ஒன்று இறங்கினால் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

அப்புறம், வேறெங்கும் இல்லாத அந்தத் தீவின் நெட்டைக்காலிப் பறவை பாடியதை நீங்கள் கேட்கவில்லையா? ராஜ பென்குயின்களின் இரைச்சலுக்கு நடுவே, புல் புதர்ப் பக்கமிருந்து மெல்லிசாக வந்தது. கையளவுப் பறவை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.