எத்தனை இன்ச் என்பதை அப்புறம் பார்க்கலாம்

டிவி வாங்கப் போகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை இன்ச்? ஃபேன் அஞ்சில் ஓடும்போது வசனம் காதில் விழுமா, ஐப்பசி மழையில் சீரியல் பாதியில் நிற்குமா, மே மாதம் கரண்ட் போனால் நெட் திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு படம் பார்ப்பதைக் கெடுப்பது பெரும்பாலும் பருவம்தான். சித்திரைக்கு ஒரு தொல்லை, ஆடிக்கு ஒன்று, ஐப்பசிக்கு வேறொன்று. முக்கால்வாசித் தொல்லைக்குச் செலவில்லாமலோ சின்னச் செலவிலோ வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் 43-ஐக் கொடுத்துவிட்டு 55 வாங்கினாலும் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு போதும். டிவியின் இன்ச்சை 1.6-ஆல் பெருக்குங்கள், உட்காரும் இடம் அத்தனை அங்குலம் தள்ளி இருந்தால் சரி. 43 இன்ச்சுக்கு ஐந்தே முக்கால் அடி, 55-க்கு ஏழே கால் அடி. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கோடையில் முதல் எதிரி ஃபேன். இப்போதைய டிவிகள் மெலிசாகிவிட்டதால் ஸ்பீக்கர் அடிப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ பார்த்துக்கொண்டு இருக்கிறது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள் வல்லின எழுத்துகள் மழுங்கிவிடும். அதன் மேல் ஃபேன் இரைச்சல். வால்யூமை ஏற்றினால் பாட்டும் சண்டையும் தெருவுக்குக் கேட்கும், வசனம் மட்டும் கேட்காது. இதற்குக் காரணம் படத்தின் ஒலி தியேட்டருக்காகக் கலக்கப்பட்டது. ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்று ஒன்றும் சேர்ந்த 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக இருக்கும். டிவியில் நடு ஸ்பீக்கரே கிடையாது. அந்த வசனத்தை இடது, வலது இரண்டிலும் பிரித்துப் போட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் பின்னணி இசையோடு கலந்துவிடுகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது: ஓடிடியில் படம் போட்டதும் ஆடியோ மெனுவுக்குப் போய், 5.1 என்று இருப்பதை விட்டுவிட்டு ஸ்டீரியோ தமிழ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது இரண்டு ஸ்பீக்கருக்கென்றே கலக்கப்பட்டிருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். அடுத்து, டிவியின் சவுண்ட் மெனுவில் நைட் மோட், ஆட்டோ வால்யூம் போன்ற ஒன்று இருக்கும். அதைப் போட்டால் பெரிய சத்தம் அடங்கி, சின்னச் சத்தம் மேலே வரும். விளம்பரம் வந்ததும் அலறுவதும் குறையும்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால், கையில் இருக்கும் பணத்தைத் திரைக்குப் போடாமல் சவுண்ட்பாருக்குப் போடுங்கள். நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள மாடலாகப் பாருங்கள்: 3.1 அல்லது 5.1. 2.1 என்று போட்டிருந்தால் நடு ஸ்பீக்கர் இல்லை, பேஸ் மட்டும்தான் கூடும். வசனத்துக்கு அது உதவாது. டிவியில் மூன்று ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஒன்றில் செருகினால்தான் டிவியின் சத்தம் பாருக்குப் போகும். டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பிசிஎம் என்று இருந்தால் வெறும் ஸ்டீரியோதான் போகும்; ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றுங்கள். பாரை ஷோகேஸ் தட்டுக்குள்ளே தள்ளி வைக்காதீர்கள். மேஜையின் முன் விளிம்போடு விளிம்பாக வையுங்கள். உள்ளே தள்ளினால் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும்.

கோடையின் இரண்டாவது எதிரி கரண்ட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1,800 வாட்-ஹவர் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுசு குறையும், ஆக 900 என்று வையுங்கள். இன்வெர்ட்டர் தனக்கு எடுத்துக்கொள்வது போகச் சுமார் 720. 43 இன்ச் டிவி 80 வாட், பழைய ஃபேன் 75, செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் சேர்ந்து 25, மொத்தம் 180 வாட். நான்கு மணி நேரம் ஓடும். ஃபேனை மட்டும் கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் வரும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது வராது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் கண்ணிமைக்கும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். நெட் வர இரண்டு மூன்று நிமிடம். நல்ல காட்சியில் கதை அங்கேயே நின்றுவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைந்து ரவுட்டர் அணையாது. ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனதுமே பேட்டரிக்குத் தாவிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டு ஏசியும் ஓடி வோல்டேஜ் படுத்துவிடும் தெருவில் இது பேட்டரியைக் காலி செய்யும். அங்கே நார்மலிலேயே விட்டுவிட்டு ரவுட்டருக்குத் தனியாக ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்தாக வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் புகைதான் வரும்.

ஆடிக் காற்று செய்யும் வேலை அப்போது தெரியாது, மழை வந்ததும்தான் தெரியும். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி திரும்பினாலே வரும் சிக்னலில் பாதி போய்விடும். வானம் தெளிவாக இருக்கும்போது மீதிப் பாதியிலேயே படம் சுத்தமாக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஐப்பசியில் முதல் மேகம் கறுத்ததும் பக்கத்து வீட்டில் ஓடும், நம் வீட்டில் கட்டம் கட்டமாக உடையும். அப்போது கம்பெனிக்குப் போன் செய்தால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். ஆவணி, புரட்டாசிக்குள் ஒரு நாள் மாடி ஏறிவிடுங்கள்.

மழையில் ஏன் போகிறது என்று தெரிந்தால் எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று புரியும். டிடிஎச் வருவது கேயு பேண்ட் என்ற அலைவரிசையில். அலையின் நீளம் சுமார் இரண்டரை செ.மீ. சில மி.மீ. பருமனுள்ள மழைத்துளி அந்த அலையை நன்றாகவே விழுங்கும், சிதறடிக்கும். கேபிள்காரர் சேனல்களை வாங்கும் பெரிய தட்டு சி பேண்டில் வேலை செய்கிறது. அங்கே அலை சுமார் ஏழரை செ.மீ. நீளம், மழை அவ்வளவாகத் தொடாது. கொட்டும் மழையில் கேபிள் வீட்டில் சீரியல் ஓடி, டிஷ் வீட்டில் நிற்பது இதனால்தான். நம் தெருவில் ஒரு துளி விழாமலே சில சமயம் படம் போய்விடும். தட்டு பார்க்கும் திசையில் ஓரிரு கி.மீ. தள்ளி மேகம் கொட்டிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மட்டும் தமிழ்நாட்டுக்குச் சராசரி 44 செ.மீ. பெய்கிறது. பேய்மழை கொட்டும் பத்து நிமிடத்துக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தூறலுக்கே போகிறது என்றால் கோளாறு மாடியில் இருக்கிறது.

செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், சிக்னல் குவாலிட்டி என்று இரண்டு எண் இருக்கும். வெயிலடிக்கும் ஒரு நாளில் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாக்ஸின் அடியில் ஒட்டி வையுங்கள். பிறகு படம் போகும்போது ஒப்பிடலாம். ஸ்ட்ரெங்த் அப்படியே இருந்து குவாலிட்டி மட்டும் விழுந்தால் டிஷ் திரும்பியிருக்கிறது, அல்லது மழை. இரண்டும் பூஜ்யம் என்றால் ஒயரிலோ, தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் எல்என்பியிலோ கோளாறு.

மாடியில் பார்க்க வேண்டிய இடம் எல்என்பிக்குப் பின்னால் ஒயர் சேரும் அந்தச் சின்னக் கனெக்டர். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும், ஏனென்றால் அந்த ஒயரில் 13 முதல் 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். கனெக்டரைச் சுற்றிக் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். ஒரு கோடையிலேயே அதன் பசை உருகி, ஓரம் பிரிந்து, உள்ளே தண்ணீர் போகும். கழற்றிப் பாருங்கள். நடுச் செம்பில் பச்சைக் களிம்பு இருந்தாலோ, சுற்றியுள்ள வலைக் கம்பி கறுத்திருந்தாலோ தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். துடைத்து மாட்டினால் ஒரு வாரம்கூட வராது. அந்த வலை விளக்குத் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி ஒயருக்குள்ளேயே கீழே கொண்டு போயிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை, ஒரு அடியானாலும் வெட்டித் தள்ளுங்கள். புது எஃப் கனெக்டர் போடும்போது நடுக்கம்பி வெளியே இரண்டு மூன்று மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலையின் ஒரு இழைகூட அதில் படக்கூடாது, பட்டால் ஷார்ட். கறுப்பு டேப்புக்குப் பதில், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுங்கள். கனெக்டருக்குக் கீழே ஒயரை ஒரு வளைவு தொங்க விடுங்கள். வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. எல்என்பியின் முகத்திலுள்ள பிளாஸ்டிக் மூடியில் கீறல் இருந்தால் உள்ளே ஈரம் சேரும். அதற்கு ஒட்டு வேலை எல்லாம் வேண்டாம், எல்என்பியையே மாற்றிவிடுங்கள்.

மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலும், பகலில் சில நிமிடம் காரணமே இல்லாமல் படம் தடுமாறினால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். சூரியன், டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நாட்கள் அவை. தானாகச் சரியாகும்.

இடி மின்னலுக்கு ஸ்டெபிலைசர் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும்தான். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மாடியிலிருந்து நேராக இறங்கும் உலோகம் அது. ஹெச்டிஎம்ஐ போர்டு எரிந்த டிவிகளில் பல, பிளக்கைப் பிடுங்கியும் இந்த ஒயரை விட்டதால் போனவை. ஃபைபர் நெட்டின் கண்ணாடி இழையில் மின்னல் வராது, ரவுட்டரின் அடாப்டர் வழியாக வரும், அதையும் பிடுங்குங்கள். இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் மின்னும்போது ஒயரில் கை வைக்கக் கூடாது.

மார்கழிக்கு வருவோம். என்னைக் கேட்டால் வீட்டில் படம் பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஃபேன் நின்றிருக்கும், தெரு அடங்கியிருக்கும், ஏழு மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் இருக்காது. மெதுவாக நகரும் படங்களையும், பேச்சே கதையாக இருக்கும் படங்களையும் இந்த மாதத்துக்கு எடுத்து வையுங்கள். படத்தைச் சரிசெய்யவும் இதுதான் நேரம், ஏனென்றால் இருட்டில்தான் கறுப்பு சரியாக இருக்கிறதா என்று தெரியும்.

கடையில் வைத்திருந்த விவிட் மோடிலேயே வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்கள் நிறைய. மாநிறமான முகம் ஆரஞ்சாகத் தெரிவது ஒளிப்பதிவாளர் செய்ததல்ல. சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். பிறகு, சினிமாஸ்கோப் படத்தில் ஒரு ராத்திரிக் காட்சியை நிறுத்தி வையுங்கள். மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டைதான் அளவுகோல். பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பட்டை சாம்பலாகத் தொடங்கும்; அங்கிருந்து இரண்டு புள்ளி இறக்கி நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்துக்காகப் பிரைட்னஸை ஏற்றுவது பெரிய தப்பு, அதனால் கறுப்புதான் வெளுக்கும். ஏற்ற வேண்டியது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம். சில பிராண்டில் பேக்லைட்டையே பிரைட்னஸ் என்றும், மற்றதை பிளாக் லெவல் என்றும் எழுதியிருப்பார்கள், பார்த்துச் செய்யுங்கள். ஷார்ப்னஸ் சாம்சங், எல்ஜியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சோனியில் 50-தான் நடுநிலை.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். அதற்கு நடுவே டிவி தானாகப் படங்களை உருவாக்கிச் செருகினால் பழைய வீடியோ நாடகம் போல வழுவழு என்று ஆகிவிடும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. சினிமாவுக்கு அதை அணையுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். ஓடிடியில் 4கே படம் மங்கலாக வந்தால் டிவியைக் குறை சொல்லும் முன் வைஃபையைப் பாருங்கள். 4கே-க்கு டிவி வரை 15 எம்பிபிஎஸ் விடாமல் வர வேண்டும். அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அத்தனை வீட்டு ரவுட்டரும் மோதிக்கொள்கின்றன. 5-க்கு மாறுங்கள்; நடுவில் இரண்டு சுவர் இருந்தால் லேன் ஒயர் இழுத்துவிடுவதே மேல்.

தை பிறந்ததும் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்று பொங்கலுக்குப் படம் போடுவார்கள், வீடு நிறைய ஆள் இருக்கும், பாட்டி வால்யூமை 40-இல் வைப்பார், எல்லோரும் சத்தம் போடுவார்கள். அவர் மேல் தப்பே இல்லை. வயதானால் முதலில் கேட்காமல் போவது மேல் ஸ்தாயி; ச, த போன்றவை அங்கேதான் இருக்கின்றன. வால்யூம் ஏற்றினால் பேஸ்தான் கூடும், எழுத்து தெளியாது. ஈக்குவலைசரில் பேஸை இரண்டு மூன்று புள்ளி குறைத்து, ட்ரெபிளை அதே அளவு கூட்டுங்கள். கிளியர் வாய்ஸ் என்று இருந்தால் போடுங்கள். இன்னும் நல்லது, ஒரு ப்ளூடூத் ஹெட்போன். டிவி ஸ்பீக்கரும் ப்ளூடூத்தும் ஒரே நேரத்தில் ஓடும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. சவுண்ட் அவுட்புட் மெனுவில் தேடுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், உதடு முன்னே போகும். ஏவி சிங்க் என்ற இடத்தில், செய்தி வாசிப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி, பேச்சும் உதடும் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்துவிட்டதா என்று பாட்டியிடமே கேட்டு வையுங்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணி சீரியல் வரை உட்கார்ந்து பார்க்கப் போகிறவர் அவர்தான்.