ஓடிப்போனவர்கள் என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த வானியல் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்று சிரித்த நண்பர்களே இரண்டு நாட்களாக என்னிடம் "ஏன் பாதியில் எழுந்து போனீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருப்பதால், ஒரே இடத்தில் பதிலை எழுதிவிடுகிறேன். எந்த ஸ்லைடைச் சொல்கிறேன் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அரிஸ்டார்க்கஸ், ஹிப்பார்க்கஸ், டாலமி என்று பண்டைய கிரேக்க வானியலாளர்கள் மூவரின் படங்கள். அடுத்த ஸ்லைடில் ஒரு விமானம். "அதற்குப் பிறகு கிரேக்கத்தில் மூளையுள்ளவர்கள் எல்லாரும் அமெரிக்காவுக்கு ஓடிப்போய்விட்டார்கள், வானியலும் அவர்களோடு முடிந்தது" என்று பேச்சாளர் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

முதலில் ஒரு சிறு தகவல். அந்த ஸ்லைடில் இருந்த டாலமி வாழ்ந்து எழுதியது எகிப்தின் அலெக்சாந்திரியாவில். இன்றைய துருக்கியில் உள்ள நைசியாவில் பிறந்த ஹிப்பார்க்கஸ் விண்மீன்களை அளந்தது ரோட்ஸ் தீவில். அவர்களையும் ஓடிப்போனவர்கள் பட்டியலில் சேர்த்துவிடலாமா, அல்லது இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தால் குற்றம் மன்னிக்கப்பட்டுவிடுமா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அவர்கள் ஓடிப்போகவில்லை. ஒரு வானியலாளர் தொலைநோக்கி எங்கே இருக்கிறதோ, வழிகாட்டி எங்கே இருக்கிறாரோ, மேகமற்ற இரவுகள் எங்கே கிடைக்குமோ அங்கே போகிறார். அது அந்தத் தொழிலின் இயல்பு.

யோவானிஸ் பராஸ்கெவோபுலோஸ் என்ற கிரேக்க வானியலாளரை எடுத்துக்கொள்வோம். 1889இல் பிரேயஸ் துறைமுக நகரில் பிறந்து, 1910இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய் யெர்க்கீஸ், மவுண்ட் வில்சன் ஆய்வகங்களில் பணியாற்றினார். தம்முடைய மனைவியாகப் போகும் வானியலாளர் டோரதி பிளாக்கை யெர்க்கீஸில்தான் சந்தித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? திரும்பி வந்தார். 1921இல் ஏதென்ஸ் தேசிய ஆய்வகத்தின் வானியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். கிரேக்கத்துக்கு ஒரு பெரிய தொலைநோக்கி வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போது துருக்கியுடன் போர் நடந்துகொண்டிருந்தது. 1922இல் தோல்வியும் அகதிகளும் அரசியல் குழப்பமும் வந்து சேர்ந்தன. தொலைநோக்கிக்குப் பணம் இல்லை. 1923இல் ஹார்வர்டு ஆய்வகம் அழைத்தபோது பெருவில் இருந்த அரெக்கீப்பா நிலையத்துக்குப் போனார். 1927இல் அந்த நிலையத்தையே பெயர்த்துத் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டெயினுக்குக் கொண்டுசென்று நிறுவி, 1951இல் இறக்கும் வரை அதன் இயக்குநராக இருந்தார். 1941இல் கண்டறியப்பட்ட ஒரு வால்விண்மீனில் வானியலாளர் டி காக்கின் பெயரோடு இவருடைய பெயரும் இருக்கிறது. நான்கு கண்டங்களில் வேலை செய்து, தென்வானத்தைப் படமெடுக்க ஒரு கண்காணிப்பகத்தையே எழுப்பியவரை ஓடிப்போனவர் என்று சொல்ல வேண்டுமென்றால், அவர் எதற்காக ஒருமுறை திரும்பி வந்தார், வந்தவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏதென்ஸ் ஆய்வகத்தின் கதையே இந்த நகைச்சுவைக்குப் பொருந்தவில்லை. 1842இல் அது தொடங்கப்பட்டது வியன்னாவில் வாழ்ந்த கிரேக்க வங்கியாளர் சினாஸின் நன்கொடையால். கட்டடத்தை வடிவமைத்தவர் டென்மார்க்கில் பிறந்த ஹான்சென். 1858 முதல் 1884 வரை அதன் இயக்குநராக இருந்த ஜூலியஸ் ஷ்மிட் ஜெர்மானியர். நிலவின் மாபெரும் வரைபடத்தை அங்கிருந்துதான் முடித்தார். ஷ்மிட் ஜெர்மனியிலிருந்து ஓடிப்போனவர் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வடக்கிலிருந்து தெற்கே வந்தால் அது அறிவுத்தொண்டு. தெற்கிலிருந்து வடக்கே போனால் ஓட்டம். நல்ல கணக்கு.

வானியலாளர் அன்டோனியாடி கான்ஸ்டான்டினோபிளில் பிறந்த கிரேக்கர். கிரேக்க நாட்டின் குடிமகனாகக்கூட வளராதவர் எந்த நாட்டை விட்டு ஓடினார் என்பதைப் பேச்சாளர்தான் சொல்ல வேண்டும். 1909இல் பாரிஸுக்கு அருகே மெதோன் ஆய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்து, பலர் கண்டதாகச் சொன்ன வாய்க்கால்கள் எவையும் அதில் இல்லை, சிதறிய நுண்விவரங்களைக் கண் கோடாக இணைத்துக்கொள்கிறது என்று காட்டியவர் அவர். அதே மெதோனில் பின்னர் சனியின் துணைக்கோளான டைட்டனின் வளிமண்டலத்தை ஆராய்ந்தவர் ஏதென்ஸில் பிறந்த அதீனா குஸ்தேனிஸ். மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்களான மேக்னெட்டார்கள் உண்மையில் இருக்கின்றன என்பதை 1998இல் நிறுவிய கிறிஸ்ஸா குவேலியோட்டு ஏதென்ஸில் இளங்கலை, சசெக்ஸில் முதுகலை, மியூனிக்கில் முனைவர் பட்டம் என்று படித்தவர். 2021இல் வானியலுக்கான ஷா பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கருந்துளைகள் மோதும்போது எழும் ஈர்ப்பலைகளின் ஆய்வில் இன்று முன்னணியில் இருக்கும் விக்கி கலோகெரா தெசலோனிக்கியில் படித்து, 1997இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். டாலமியோடு முடிந்துவிட்டதாம் கிரேக்க வானியல்.

"கொண்டோபுலோஸ் நாட்டிலேயே இருந்து சாதிக்கவில்லையா?" என்று ஒருவர் எனக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். கிரேக்க வானியலாளர் ஜார்ஜ் கொண்டோபுலோஸைச் சொல்கிறார். சாதித்தார், மறுக்கவில்லை. 1953இல் ஏதென்ஸில் முனைவர் பட்டம் பெற்று, பால்வீதியில் விண்மீன்களின் பாதைகளைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது தொகையீட்டை (ஆற்றல், கோண உந்தம் தவிர மாறாமல் இருக்கும் மூன்றாவது அளவை)ப் பற்றி 1960இல் எழுதியது உலகப் புகழ் பெற்றது; சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுச்செயலாளராக 1973 முதல் 1976 வரை இருந்தார். ஆனால் அவர் காகிதமும் கணக்கும் கொண்டு வேலை செய்தவர். அவருமே ஸ்டாக்ஹோம் போய் ஆய்வு செய்துவிட்டு வந்தவர்தான். ஒருவரைக் காட்டி மற்ற அனைவரையும் அடிப்பது வாதமாகாது. இதற்கு மேல் இந்த எதிர்வாதத்துக்கு நான் நேரம் செலவிடப்போவதில்லை.

நான் ஜெர்மனியில் ஆய்வு மாணவியாக இருந்தபோது பக்கத்து மேசையில் கிரேக்கத்தின் பாட்ராஸ் நகரத்து நண்பர் ஒருவர் இருந்தார். 2015 கோடையில் கிரேக்க வங்கிகள் மூடப்பட்டு, ஏடிஎம்மில் ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆனபோது, அவருடைய அப்பா ஓய்வூதியத்துக்காக வெயிலில் வரிசையில் நின்றார். இவர் ஜெர்மனியில் துடிவிண்மீன்களின் (பல்சார்களின்) தரவைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் அப்பாவிடம் தொப்பி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே வாரம் காபி குடிக்கும் இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் ஊருக்கு எப்போது திரும்பப் போகிறாய்?" என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைத்தான் நான் மறுபடியும் கேட்டேன்.

"அரசுப் பணத்தில் படித்தவர்கள் நாட்டுக்குத் திருப்பித் தர வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. இதை என் சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, என்னைப் பார்த்தே கேட்டிருக்கிறார். பெரியவர் என்பதால் அன்று தலைகுனிந்து சாப்பிட்டேன். இன்று பதில் சொல்கிறேன், சித்தப்பா. கியோஸ் தீவில் பிறந்த ஸ்டமாடிஸ் கிரிமிகிஸ் 1965இல் அமெரிக்காவின் அயோவாவில் இயற்பியலாளர் வான் ஆலனிடம் முனைவர் பட்டம் பெற்றார். சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து போன வாயேஜர் விண்கலத்தில் துகள் அளக்கும் கருவிக்குப் பொறுப்பாக இருந்தார். எண்பதை நெருங்கிய வயதில், 2018இல், கிரேக்கத்தின் புதிய விண்வெளி அமைப்புக்குத் தலைமை ஏற்க வந்தார். சில வாரங்களில் அரசுடன் கருத்து வேறுபட்டுப் பதவி விலகினார். திருப்பித் தர வந்தவரை வைத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வெளியே போனவரிடம் மட்டும் கணக்குக் கேட்பவர்கள், உள்ளே கதவை அடைத்தவரிடம் ஏன் ஒருபோதும் கேட்பதில்லை?

இதே மேடையில் சந்திரசேகரைப் பற்றி நாம் எத்தனை பெருமையாகப் பேசுகிறோம்! மாநிலக் கல்லூரி மாணவர், அரசு உதவித்தொகையில் 1930இல் கப்பலேறி, 1933இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கி, 1937இல் அதே யெர்க்கீஸுக்குப் போய், 1953இல் அமெரிக்கக் குடிமகனானவர். அவரை ஓடிப்போனவர் என்று சொன்னால் அரங்கம் கைதட்டியிருக்குமா? நம்மவர் போனால் நம் பெருமை உலகெங்கும் பரவுகிறது. கிரேக்கர் போனால் விமானத்தின் படம்.

அந்தச் சந்திரசேகரோடு சேர்ந்து கருந்துளைகளைப் பற்றியும், மோதும் ஈர்ப்பலைகளைப் பற்றியும் கட்டுரைகள் எழுதியவர் வசீலிஸ் க்ஸாந்தோபுலோஸ் என்ற கிரேக்கர். சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம், கிரீட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து அங்கே மாணவர்களை உருவாக்கினார். 1990 நவம்பரில் ஹெராக்லியோனில் ஒரு கருத்தரங்கின் நடுவே, உடன் பணியாற்றிய ஸ்டெஃபனோஸ் ப்னெவ்மாட்டிகோஸுடன் சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். க்ஸாந்தோபுலோஸுக்கு அப்போது 39 வயது. இதை நான் வாதமாக வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. சந்திரசேகரின் பெயரை ஆண்டுதோறும் சொல்லும் நம் கூட்டத்தில், அந்தக் கட்டுரைகளில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

"வெறும் நகைச்சுவைதானே" என்று இதன் கீழே எழுத வருகிறவர்கள், மேலே சொன்னவர்களில் யார் டாலமியோடு முடிந்துபோனவர் என்று பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பெயரில்லாத பதில்களை நான் படிக்கப்போவதில்லை.