பூச்சியம் என்றால் ஒருவரும் வாக்குப் போடவில்லை என்று அர்த்தமில்லை

சனிக்கிழமை இரவிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற அந்த முட்டைப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் படம் என்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே கடந்து போங்கள்.

ஸோயி மே என்கிற பிள்ளை, சுவிஸின் பாசல் நகரத்தில் பிறந்தவர், அதே பாசலில் 2025-இல் நடந்த யூரோவிஷன் என்கிற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் சுவிஸுக்காகப் பாடினார். நடுவர்கள் 214 புள்ளி கொடுத்தார்கள். ஆஸ்திரியாவுக்கு அடுத்த இடம். மக்கள் புள்ளிகளை நடுவர் பட்டியலின் அடியிலிருந்து மேலே அறிவிப்பார்கள் என்பதால், கடைசிக்கு முந்தைய ஆளாக அவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்து, சொந்த ஊரில் மக்கள் வாக்கில் பூச்சியம் என்று கேட்டார். அதைத்தான் சிரிப்புப் படமாகப் போட்டிருக்கிறீர்கள்.

சரி, அந்தப் பூச்சியம் எப்படி வருகிறது என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்துப் பாட்டுக்குத்தான் புள்ளி. பதினோராவது இடத்துக்கு ஒன்றுமில்லை. ஐரோப்பா முழுக்க எல்லா நாட்டிலும் நீங்கள் பதினோராவதாக வந்தாலும் கணக்கில் பூச்சியம்தான். நடுவர்கள் எல்லாப் பாட்டையும் கேட்டு முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்த வேண்டும். வீட்டில் இருப்பவர் அப்படியா செய்கிறார்? தனக்குப் பிடித்த ஒன்றுக்கே தன் வாக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் படுக்கப் போகிறார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்தவரின் நினைப்புக்கு அங்கே இடமே இல்லை. அதோடு, சுவிஸில் இருக்கிற நாங்கள் சுவிஸுக்கு வாக்குப் போடவும் முடியாது. ஆகவே பூச்சியம் என்றால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. திரும்பவும் சொல்கிறேன், அர்த்தமில்லை.

பாட்டு தூக்கம் வருகிற மாதிரி இருந்தது என்பீர்கள். இருக்கட்டும். நெருப்பு இல்லை, பின்னால் ஆட ஆள் இல்லை, கேமரா கிட்ட வந்து அவரைச் சுற்றிச் சுற்றி நிற்க, பிரெஞ்சில் மெதுவாக ஒரு பாட்டு. அது குற்றமா? 2022-இல் சுவிஸுக்காக வந்த மாரியுஸ் பேர் என்கிற பாடகரும் மெதுவாகத்தான் பாடினார், அவருக்கும் மக்கள் வாக்கில் பூச்சியம்தான். 2021-இல் ரொட்டர்டாமில் போட்டியை நடத்திய நெதர்லாந்துக்கே மக்கள் வாக்கு பூச்சியம். அதற்கெல்லாம் ஒரு முட்டைப் படமும் வரவில்லையே.

நடுவர்கள் மேட்டுக்குடி, மக்கள் தீர்ப்பே தீர்ப்பு என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஐயா, 2024-இல் சுவிஸின் நெமோ இதே போட்டியில் வென்றது எப்படி? நடுவர்கள் 365, மக்கள் 226. குரோஷியாக்காரருக்கு மக்கள் 337 கொடுத்தார்கள். அன்றைக்கு மக்கள் தீர்ப்பு எங்கே போனது? நீங்களும்தானே சுவிஸ் கொடியை முகப்புப் படத்தில் போட்டீர்கள்! வாக்குகளில் அரசியல் இருக்கிறது என்பவர்களுக்கு, ஆமாம் இருக்கிறது, அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு தமிழ் விழாப் பாட்டுப் போட்டியில் பாடினாள். பார்வையாளர்களிடம் துண்டு கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார்கள். அவள் எடுத்தது தேவாரம். சுருதிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே பாடினாள், ஏனென்றால் பின்னால் ரோல்ஸ் வாங்குகிற வரிசையில் நின்றவர்களின் கதை மேடை வரைக்கும் கேட்டது. பெரிய குடும்பத்துப் பிள்ளை ஒன்று சினிமாப் பாட்டுப் பாடி வென்றது. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகவே பாடியது. ஆனால் முடிவு அறிவித்தவர் மைக்கிலேயே, "தேவாரத்துக்கு அம்மாவின்ட வாக்கு மட்டும்தான் போல" என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் மேடையேறவில்லை. இப்போது சனிக்கிழமை அந்தப் பூச்சியத்தைக் கேட்டதும் சோபாவில் இருந்து எழும்பி அறைக்குள் போய்விட்டாள். தொட்டால் சுருங்கி என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

இதையெல்லாம் சுருக்கமாக அந்தக் குழுவில் எழுதியதற்கு வந்த பதில்: "வெள்ளைக்காரப் பிள்ளை முட்டை வாங்கினா உங்களுக்கேன் அக்கா நோகுது, நீங்க என்ன சுவிஸ்காரியோ?" கீழே பத்துப் பதினைந்து சிரிப்பு முகங்கள்.

தம்பி, ஆமாம். 2024 நவம்பரில் இந்தப் போட்டிக்கு நகரம் காசு செலவழிக்கலாமா என்று பாசலில் வாக்கெடுப்பு வைத்தபோது நான் ஆம் என்று போட்டவள். என் வரியிலும் ஒரு சல்லி அந்த மேடையில் இருக்கிறது. என் பிள்ளை பிறந்ததும் இந்த ஊர்தான். கடவுச்சீட்டு எடுக்கும்போது, பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம் கேட்கும்போது, பிரான்சில் இருக்கிற சொந்தக்காரருக்கு முன்னால் சம்பளத்தைச் சொல்லும்போது எல்லாரும் சுவிஸ்காரர்தான். அந்த நாட்டுப் பிள்ளை ஒருத்தி தோற்றால் மட்டும் அவள் வெள்ளைக்காரி ஆகிவிடுகிறாள், இல்லையா? சென்னைத் தொலைக்காட்சிப் போட்டியில் எங்கட பிள்ளை ஒன்று வந்தால், வீட்டில் இருக்கிற போன் எல்லாவற்றிலும் இருந்து வாக்குப் போடுங்கள் என்று இதே குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் எழுப்பியவர் நீங்கள்தான் தம்பி. நானும் எழும்பிப் போட்டேன்.