ஃபாசெட் தேடிய நகரத்தைக் கட்டியவர்கள்

அமேசான் காட்டுக்குள் பழங்கால ஊர்களின் தடயம் கிடைத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், அங்கே தொலைந்த நகரம் ஒன்றைத் தேடிப் போய் மறைந்த ஆங்கிலேயப் பயணி பெர்சி ஃபாசெட்டின் புகைப்படத்தைப் போட்டு, "இவர் அன்றே சொன்னார்" என்று கொண்டாடுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

ஃபாசெட் துணிச்சல்காரர், அதில் ஐயமில்லை. திருகோணமலையில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். 1906இல் பொலிவியா, பிரேசில் எல்லையை அளக்கப் போனார். உடன் வந்தவர்கள் காய்ச்சலிலும் பசியிலும் சுருண்டு விழுந்த இடங்களில் அவர் நடந்துகொண்டே இருந்தார். ரப்பர் முதலாளிகள் பழங்குடிகளை வதைத்ததைக் கண்டித்தார். அம்பு எய்தவர்களைத் திருப்பிச் சுடக் கூடாது என்று தம் ஆட்களைத் தடுத்தார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால், 'இசட்' என்று பெயரிட்டு அவர் தேடிய நகரம் எப்படிப்பட்டது? 1753ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றைச் சொல்லும் போர்த்துக்கீசியக் கையெழுத்துப் பிரதி ரியோ டி ஜெனிரோவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கல் வளைவுகளும் சிலையும் கொண்ட பாழடைந்த நகரம் அதில் வருகிறது. அப்படிப்பட்ட நகரங்களைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். கட்டியவர்கள் வேறெங்கிருந்தோ வந்த இனத்தார் என்று நம்பினார்; கடலில் மூழ்கியதாகக் கதைகள் சொல்லும் அட்லாண்டிஸ் வரை போனது அந்த நம்பிக்கை. எதிரே நின்ற மக்களின் பாட்டன் பூட்டன் கட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

1925 மே 29 தேதியிட்ட கடிதத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் நின்றுபோனது. மகன் ஜாக்கும் ஜாக்கின் நண்பர் ராலே ரிமெலும் அவருடன் காணாமல் போனார்கள். கிழக்கே போக வேண்டாம் என்று எச்சரித்ததாகவும், ஐந்து நாள் தெரிந்த அவர்களது நெருப்பின் புகை பிறகு தெரியவில்லை என்றும் அப்பகுதிப் பழங்குடிகளான கலபாலோ மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஃபாசெட் மறைந்த அதே மேல் ஷிங்குப் பகுதியில்தான், பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில், குஹிகுகு என்ற பழங்கால ஊர்த்தொகுதி இருக்கிறது. 1990களில் தொல்லியலாளர் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் அங்கு வாழும் குய்குரு பழங்குடி மக்களோடு தங்கி ஆராய்ந்த இடம் அது. அங்கே கல் கோபுரம் கிடையாது. ஊரைச் சுற்றி ஆழமான அகழிகள், நடுவில் பெரிய மன்றம், அதிலிருந்து பக்கத்து ஊர்களுக்கு நேராகப் போகும் அகன்ற சாலைகள், சதுப்பு நிலத்தைக் கடக்க மண்மேடுகள், மீன் வளர்க்கும் குளங்கள், மரவள்ளி விளைந்த கறுப்பு மண். ஏறத்தாழ 1250 முதல் 1650 வரை இந்த ஊர்கள் செழித்திருந்தன. பிறகு ஐரோப்பியரோடு வந்த தொற்றுநோய்கள் மக்களைக் கொன்றன. காடு ஏறி மூடிக்கொண்டது. இன்றைய குய்குரு ஊருக்குப் போனாலும் நடுவில் வட்டமான மன்றம், சுற்றிலும் வீடுகள். அதே அமைப்பு! தொலைந்துபோன நாகரிகம் என்று நாம் பேசுவதை அவர்கள் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊர்களைப் பற்றி 2003இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் குய்குரு தலைவர் அஃபுகாகாவும் ஒருவர். குஹிகுகுவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயரோடு தொடங்கட்டும். ஃபாசெட்டுக்கு அதற்குப் பிறகு இடம் கொடுத்தால் போதும்.