நவம்பர் 1, 1954: புதுச்சேரியும் அல்ஜீரியாவும்

நவம்பர் 1 வந்தால் எங்கள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கொடியேற்றம், அணிவகுப்பு எல்லாம் நடக்கும். 1954-இல் அன்றைக்குத்தான் பிரெஞ்சு நிர்வாகம் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள்.

அதே நவம்பர் 1 விடியுமுன், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வட ஆப்பிரிக்க நாடான அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி போலீஸ் நிலையங்களையும் ராணுவ முகாம்களையும் தாக்கிப் போரைத் தொடங்கியது. பாரிஸில் இருந்தது அதே அரசுதான். இங்கே இறங்கி வந்தவர்கள் அங்கே ஏழரை ஆண்டு போரிட்டார்கள்.

"அவர்கள் ஆயுதம் எடுத்தார்கள், நாம் எடுக்கவில்லை" என்று சிலர் பெருமை பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு வேறு எந்த வழி விடப்பட்டது? அங்கே பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் இருந்தார்கள். நல்ல விளைநிலம் பெரும்பாலும் அவர்கள் கையில். 1848 முதல் அல்ஜீரியா பிரான்ஸின் ஒரு பகுதி என்றே சட்டம். சரி, பிரான்ஸ் என்றால் எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்குதானே? 1947 சட்டப்படி அமைந்த சட்டமன்றத்தில் 120 இடங்கள். ஐரோப்பியர் நிறைந்த வாக்காளர் பிரிவுக்கு 60, ஏறக்குறைய எண்பது லட்சம் முஸ்லிம்களுக்கு மீதி 60. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அதிலும் அதிகாரிகளே முறைகேடு செய்தார்கள்.

அதற்கும் முன்னால் செட்டிஃப் என்ற அல்ஜீரிய நகரில் நடந்தது. 1945 மே 8, ஜெர்மனி சரணடைந்த நாள். பிரான்ஸை மீட்க அல்ஜீரியர்களும் போரிட்டிருந்தார்கள். வெற்றி ஊர்வலத்தில் பூசித் சால் என்ற இளைஞர் அல்ஜீரியக் கொடியைப் பிடித்து நடந்தார். சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் மூண்ட கலவரத்தில் நூறு ஐரோப்பியர்கள் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்க விமானமும் போர்க்கப்பலும் கிராமங்கள் மீது குண்டு போட்டன. செத்தவர்கள் ஆயிரம் என்றது பிரான்ஸ், 45,000 என்கிறது அல்ஜீரியா. ஒரு கொடிக்கு இந்தப் பதில் என்றால், மனு கொடுக்க யார் போவார்கள்?

முன்னணியின் கை சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 1956-இல் தலைநகர் அல்ஜியர்ஸின் மில்க் பார் கடையில் வெடித்த குண்டு ஐஸ்கிரீம் சாப்பிட வந்தவர்களைக் கொன்றது. அது தவறுதான். ஆனால் மறுபக்கம் ஒரு அரசே சித்திரவதை செய்தது. ராணுவ டெலிபோனுக்கு மின்சாரம் தரும் சின்ன டைனமோ. கைப்பிடியைச் சுற்றினால் கைதியின் உடம்பில் ஷாக் பாயும். முன்னணித் தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மஹிதி 1957-இல் காவலில் இறந்தபோது தற்கொலை என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தினரே கொன்றார்கள் என்று பிரான்ஸ் அதிபர் ஒப்புக்கொண்டது 2024-இல்தான். நடந்தது போர் என்று அவர்கள் சட்டம் ஏற்கவே 1999 ஆனது.

1962 மார்ச்சில் போரை நிறுத்திய எவியான் ஒப்பந்தம், ஜூலை 5-இல் சுதந்திரம். 1830-இல் பிரெஞ்சுப் படையிடம் அல்ஜியர்ஸ் வீழ்ந்ததும் ஒரு ஜூலை 5-இல்தான்.

இதில் நம் கதையும் இருக்கிறது. புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது எவியானுக்குப் பிறகுதான். ஒப்புதல் பத்திரங்கள் கைமாறிய தேதி 1962 ஆகஸ்ட் 16. அல்ஜீரியா விடுதலையாகி ஆறு வாரம் கழித்து.