17 வயதுக் கிளிக்குப் பெயர் மாற்றலாமா?

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுக்கு ஆப்பிரிக்கன் கிரே என்னும் சாம்பல் நிறக் கிளி ஒன்று வந்து சேர்ந்தது. கோவையிலேயே எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு குடியேறப் போவதால், 17 ஆண்டுகள் வளர்த்த கிளியை எங்களிடம் ஒப்படைத்தது. கூண்டு, தீனிக் கிண்ணங்கள், கால் வளைய எண் குறித்த பதிவுத்தாள் ஆகியவற்றோடு ராஜு என்ற பெயரும் கூடவே வந்தது. சிக்கலும் அந்தப் பெயரில்தான் இருந்தது. மறைந்த என் அப்பாவை ஊரில் எல்லோரும் ராஜு என்றுதான் அழைப்பார்கள்; என் அம்மாவோ அந்தப் பெயரை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் அட்டைக்காகக் கணவர் பெயர் கேட்டால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஆகவே, வந்த முதல் வாரத்திலேயே பெயரை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. என் மகள் கோகோ என்று ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தாள். கிளிக்கு என்ன தெரியப் போகிறது, நான்கு நாள் கூப்பிட்டால் பழகிவிடும் என்று மைத்துனர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மூன்றாம் மாதம் ராஜு முட்டையிட்டதும் அவர்கள் கட்சி இன்னும் வலுத்தது. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டிஎன்ஏ சோதனை செய்தாலன்றி உறுதியாகச் சொல்வது கடினம். சேவல் துணையில்லாத கோழியைப் போலவே தனியாக வளரும் பெண் கிளியும் முட்டையிடும். இந்தச் செய்தியைப் பழைய வீட்டாரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர்கள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

இத்தனைக்குப் பிறகும் பெயரை மாற்றக் கூடாது என்பதே என் கட்சி. அதற்குக் காரணம் ராஜுவின் மாலை நேரப் பழக்கம். விளக்கு வைக்கும் நேரமானதும் அது கூண்டின் மேல்கம்பிக்கு ஏறி, ஓர் இறகும் அசையாமல் சற்று நேரம் உட்கார்ந்திருக்கும், கண்ணின் கருமணி சுருங்கி விரியும், பிறகு அந்த வீட்டுப் பாட்டியின் குரலில், அவரது இழுவையோடும் தொண்டைக் கமறலோடும், “ராஜு… சாப்டியாடா?” என்று கேட்கும். பதிலுக்கு யாராவது ராஜு என்று சொன்னால் கீழே இறங்கி வந்து, பின்கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கோதிவிடச் சொல்லித் தலையைக் கவிழ்த்துக் காட்டும். அந்த வீட்டிலிருந்து அது கொண்டுவந்தவற்றுள் அதற்கே சொந்தமானது அந்தச் சொல் மட்டும்தான். இடம், மனிதர்கள், சன்னல் வழியே தெரியும் காட்சி எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன ஓர் உயிரிடமிருந்து, நம் வாய்க்கு வசதியாக இல்லை என்பதற்காக அதையும் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சாகக் கொள்ள வேண்டாம். வெனிசுவேலாவில் வாழும் பச்சை நிறக் குறுங்கிளி இனம் ஒன்றை ஆராய்ந்த கார்ல் பெர்க் என்ற பறவையியலாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த இனத்தில் ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயரைப் போலத் தனக்கென ஓர் அழைப்பொலி உண்டு. அது பிறவியிலேயே அமைவதா, வளர்ப்பில் வருவதா என்று அறிய, ஒரு கூட்டின் முட்டைகளை மற்றொரு கூட்டுக்கு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகளின் ஒலி, முட்டையிட்ட பெற்றோரின் ஒலியைக் காட்டிலும் வளர்த்த பெற்றோரின் ஒலியையே ஒத்திருந்தது. பெயர் சூட்டு விழா நாம் மட்டும் நடத்துவதன்று என்று இதைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன்.

என் மைத்துனருக்குச் சாதகமான உண்மையும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. புதிய கூட்டத்தில் சேரும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகள் சில வாரங்களுக்குள் தம் அழைப்பொலியைக் கூட்டாளிகளின் ஒலியோடு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொள்கின்றன. வயது ஏறியதாலேயே புதுச்சொல் ஏறாது என்பதும் தவறு. 40, 50 ஆண்டுகள் வாழக்கூடிய கிரே கிளிக்கு 17 என்பது நடுவயதுகூட இல்லை. ஆக, மாற்ற முடியுமா என்றால் முடியும். ஆனால் பட்ஜெரிகர் பிறர் ஒலியைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. யாரும் அதன் பழைய ஒலிக்குச் செவிசாய்க்காமல் இருந்து அதைக் கைவிட வைப்பதில்லை.

பெயரை மாற்றியே தீர வேண்டிய இடமும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் தத்தெடுத்த காக்கட்டூ என்னும் கொண்டைக் கிளி, தன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கூண்டின் மூலைக்கு ஓடி ஒடுங்கிக்கொள்ளும். முன்பு இருந்த வீட்டில் அது கத்தும்போதெல்லாம் பெயரைச் சொல்லியே அதட்டியிருக்கிறார்கள். அத்தகைய பெயரை அன்றே விட்டுவிடுவதுதான் அந்தப் பறவைக்குச் செய்யும் உபகாரம். அங்கே பழைய ஒலியின் சாயல்கூட இல்லாத சொல்லாகத் தேர்ந்து, கொய்யாத் துண்டு கொடுக்கும்போதும் தலை கோதும்போதும் மட்டும் அதைச் சொல்லிப் பழக்கினார்கள். மற்றபடி அச்சம் ஏதும் இல்லாத பறவைக்கு மாற்ற விரும்புகிறவர்கள், பழைய பெயரோடு புதியதை ஒட்டிச் சில வாரங்கள் சேர்த்தே சொல்லலாம். பறவை புதியதற்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பின் பழையதைக் குறைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், முதல் ஒரு மாதம் அது தானாக என்னென்ன பேசுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். தன் பெயரைத் தானே சொல்லும் பறவையா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் வழக்கு எப்படி முடிந்தது என்றால், யாரும் முடித்துவைக்கவில்லை. நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் இருப்பதைப் போல ராஜுவுக்கும் அமைந்துவிட்டது. எங்களுக்கு அது ராஜுதான். மகள் சில நாள் கோகோ என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கிளி அவளை ஏறிட்டும் பார்க்காததால் கைவிட்டாள். அம்மா மட்டும் முதல் நாளிலிருந்தே, பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் எல்லாம், “கண்ணு” என்று சொல்லி வேகவைத்த சோளத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அதைப் பெயராக எண்ணி அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் அப்படித் தோன்றவில்லை.

மாசி மாதம் ஒரு பிற்பகல் அம்மா துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனார். கூடத்தில் நானும் கிளியும் மட்டும் இருந்தோம். அது கம்பியில் இரண்டு முறை இப்படியும் அப்படியும் நடந்தது; மாடிப்படியின் பக்கம் கழுத்தை நீட்டியது; பிறகு என் அம்மாவின் குரலிலேயே “கண்ணு… கண்ணு…” என்று உரக்க அழைத்தது. மேலேயிருந்து அம்மா, “இரு, வரேன்” என்றார்.