பூனைச் சண்டையில் நாம் பிடிக்கும் பிழையான குற்றவாளி

வீட்டில் இரண்டு பூனைகள் சண்டையிடுகின்றன என்று சொன்னபோது, கொழும்பில் எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. மாமியும் அதைத்தான் சொன்னார்: “விடுங்கோ தம்பி, அதுகள் தங்களுக்குள்ளை அடிபட்டுச் சரிவந்திடுங்கள்.” அந்தச் சொல்லை நம்பி நான் ஐந்து நாட்களைச் சும்மா போகவிட்டேன். ஐந்தாம் நாள் கறுப்பியின் வாலடியில் ஒரு சீழ்க்கட்டு இருந்தது. என் வலது கையில் நான்கு பற்தடங்கள் இருந்தன. அதன்பிறகு இரண்டரை மாதங்கள் எங்கள் வீடு இரண்டு நாடாகப் பிரிந்து கிடந்தது. இந்த ஆலோசனையைப் பிறருக்குச் சொல்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்திவிட வேண்டும் என்பதே இந்தப் பதிவின் நோக்கம்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். இரண்டு படுக்கையறை, ஒரு சிறிய குசினி, ஆள் நின்றால் நிறைந்துவிடும் ஒரு பல்கனி. கறுப்பி ஆறு வயதுப் பெட்டை. சிங்கன் மூன்று வயதுக் கடுவன். சந்தைக்குப் பக்கத்தில் யாரோ அட்டைப்பெட்டியோடு விட்டுச்சென்ற குட்டி. இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. இரண்டு வருடங்களுக்கு மேலாக ஒரே கதிரையில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தவை என்பதால்தான், நடந்தது என்னவென்று விளங்க எனக்கு அத்தனை நாள் எடுத்தது.

வைகாசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலை. குசினி யன்னலுக்கு நேர் கீழே பக்கத்து வீட்டின் தகரக்கூரை இருக்கிறது. சிங்கன் யன்னல் கட்டில் குந்தியிருந்து, கழுத்தை நீட்டி, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். வால் நுனி மட்டும் பட், பட் என்று சுவரில் அடித்தது. தொண்டைக்குள்ளே மெல்லிய உறுமல். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபடி, மழையைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். கறுப்பி தண்ணீர் குடிக்க வந்து, போகிற போக்கில் அவனுடைய வாலை முகர்ந்தாள். அடுத்த கணம் இரண்டும் ஒரு பந்தாகத் தரையில் உருண்டன. வீட்டுக்குள் அப்படியொரு அலறலை நான் கேட்டதே இல்லை. கறுப்பி ஓட, இவன் துரத்த, வழியில் சிறுநீரும் பிடுங்கப்பட்ட மயிரும் சிதறிக் கிடந்தன. சத்தம் ஓய்ந்தபிறகு யன்னலால் எட்டிப் பார்த்தேன். காது கிழிந்த ஓர் அழுக்கு வெள்ளைக் கடுவன், மழைக்கு ஒதுங்கி, தகரத்தின் ஓரத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

அதைக் கண்ணால் கண்டும் நான் விளங்கிக்கொள்ளவில்லை. விலங்கு நடத்தையை அறிந்தவர்கள் இதைத் திசைமாறிய ஆக்ரோஷம் என்கிறார்கள். எட்ட முடியாத இடத்தில் நிற்கும் எதிரியின்மீது மூண்ட வெறி, எட்டும் தூரத்தில் இருப்பவர்மீது பாய்கிறது. அது கூட வாழும் பூனையாகவும் இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். புதுவருட வெடிச்சத்தமோ, அலுமாரியிலிருந்து விழுந்த பானையோகூட இதே வேலையைச் செய்யும். அந்தக் கொதிப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் அது நீடிக்கும். அதற்குள் இரண்டும் மறுபடி முகம்பார்த்தால், கூரையில் நின்ற கடுவன் மறந்துபோய், ஒன்றையொன்று கண்டாலே பயமும் வெறியும் வருவது பழக்கமாகிவிடும். ஐந்து நாட்களாக நான் அனுமதித்தது இதைத்தான்.

அனுமதித்ததோடு நிற்காமல் எரிகிற நெருப்பில் எண்ணெயும் ஊற்றினேன். தும்புத்தடியால் தரையில் அடித்தேன், சிங்கனைத் திட்டிப் பல்கனியில் பூட்டினேன். கறுப்பியைக் கண்ட போதெல்லாம் தனக்கு அடியும் சிறையும் வருகிறது என்பதைத் தவிர, அவன் அதிலிருந்து வேறென்ன படித்திருப்பான்? மூன்றாம் நாள் இரண்டையும் பிரிக்கக் கையை இடையே விட்டேன். செய்யவே கூடாத காரியம் அது. இடையே விடவேண்டியது கை அல்ல; தலையணை, பெரிய தட்டம், அட்டை என்று பார்வையை மறைக்கும் எதுவானாலும் போதும். பிரிந்தபின் கோபம் கொண்டதை ஓர் இருண்ட, அமைதியான அறையில் தண்ணீரோடும் மலசலம் கழிக்கும் மண்தட்டோடும் விட்டு, தானாகச் சாப்பிட்டு, சோம்பல் முறித்து வரும்வரை தொந்தரவு செய்யாமல் இருக்கவேண்டும். தடவிச் சமாதானப்படுத்தப் போவது கடி வாங்கப் போவதற்குச் சமம்.

பூனைக்கடி பார்வைக்குச் சிறிய புள்ளிதான், ஆனால் ஆழமானது. ஊசிபோன்ற பல் கிருமியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வர, தோல் மேலே மூடிக்கொள்கிறது. விலங்குவிசர் நோய் (ரேபிஸ்) உள்ள நாடு இது; ஆகவே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, “வீட்டுப் பூனைதானே” என்று சொல்லாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நான் போனேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

அதே காரணத்தால்தான் கறுப்பியின் காயமும் முதல் நாட்களில் தெரியவில்லை. பூனைகளின் கடிக்காயம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே சீழ்கட்டி வீங்கும். மிருக வைத்தியர் வாலடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது ஓடின பூனை” என்றார். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்னங்கால்களிலும் காயம் இருக்குமாம். ஓடுகிற பூனைக்கு வாலடியில். அந்த ஒரு வசனத்தில் என் வீட்டு நிலவரம் முழுக்க இருந்தது. இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீடுகளில் எந்த வலிக்கும் பனடோல் (பரசிற்றமோல்) எடுத்துக்கொடுக்கும் கை இருக்கிறது. பூனைக்கு அது நஞ்சு. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்பதால், ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும்.

சீழ்க்கட்டை உடைத்துச் சுத்தப்படுத்தி, கறுப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடையைத் திறந்தேன். சிங்கன் முகர்ந்தான், சீறினான், மறுபடியும் பாய்ந்தான். இந்த முறை கூரையில் எந்தக் கடுவனும் இல்லை. ஸ்பிரிட்டும் மருந்தும் அயல் விலங்குகளும் மணக்கும் ஓர் உருவம் கறுப்பியின் தோற்றத்தோடு வந்து நின்றது, அவ்வளவுதான். பூனைக்கு உறவு என்பது முகமல்ல, மணம். ஒன்றையொன்று உரசி உரசிக் குடும்பத்துக்கென்று ஒரு பொதுமணத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன; வைத்தியரிடம் போய்வந்த அரைநாளில் அது கழன்றுவிடுகிறது. நல்ல நண்பர்களாக இருக்கும் பூனைகளைக்கூட, ஒன்று வைத்தியரிடம் போய்வந்தால் ஒரு நாள் வேறு அறையில் வைத்து, வீட்டு மணம் ஏறியபிறகு விடுவதே நல்லது.

நாம் பூனைகளைச் சகோதரர்களாக நினைக்கிறோம். அண்ணனும் தம்பியும் அடிபட்டால் மாலையில் ஒரே கோப்பையில் சாப்பிடுவார்கள் என்ற கணக்கையே இங்கும் போடுகிறோம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனியாக உண்ணும் விலங்கு. நாய்கள் சண்டைக்குப் பிறகு நக்கியும் குழைந்தும் உறவைச் சரிசெய்துகொள்வதைப் போன்ற ஏற்பாடு பூனைகளிடம் ஏறக்குறைய இல்லை. அவற்றின் தீர்வு விலகிப் போவது. விலகிப் போக இடமிருந்தால் சண்டை இல்லை. மூன்றாம் மாடியில் விலகி எங்கே போவது? அதிலும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பூனை நடத்தையில் முழு முதிர்ச்சி பெறும்போது, குட்டியில் இல்லாத இட உரிமை எண்ணம் வந்துவிடுகிறது. சிங்கனுக்கு அப்போது மூன்று வயது என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அமெரிக்காவின் பூனை மருத்துவர்கள் சங்கம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, இதைச் சண்டை என்றுகூடத் தலைப்பிடாமல், பூனைகளுக்கிடையிலான பதற்றம் என்றே தலைப்பிட்டிருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் சத்தம் கேட்கும் நாளுக்கு மிக முன்னரே விடயம் தொடங்கிவிடுகிறது. இமைக்காமல் பார்ப்பது, வாசலில் குறுக்கே படுப்பது, மற்றது எழுந்த கதிரையில் உடனே போய் உட்காருவது. விளையாட்டில் சத்தமிராது, நகம் உள்ளே இருக்கும், துரத்துபவரும் ஓடுபவரும் மாறி மாறி வருவார்கள். எப்போதும் ஒன்றே ஓடுகிறதென்றால் அது விளையாட்டல்ல.

இதைப் படித்தபிறகு என் வீட்டை நினைத்துப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது ஒரே மண்தட்டு. அது ஒடுங்கிய நடையின் அந்தத்தில், குளியலறைக்குள். நடையின் நடுவே, மிதியடியில், சிங்கன் நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பான். வெளியாட்களுக்கு அது வெயிலுக்கு ஒதுங்கிய சோம்பேறிப் பூனை. கறுப்பி நடை வாசல்வரை வந்து, நின்று, சுவரை நக்குவதுபோல் பாவனை செய்து, திரும்பிப் போவாள். சண்டைக்கு இரண்டு மாதம் முன்னர் அவள் மாமியின் படுக்கையில் சிறுநீர் கழித்தபோது, வயது போகிறது, திமிர் பிடித்துவிட்டது என்றெல்லாம் பேசினோம். அவளுக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடி போட்டிருந்தார்கள் என்பது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. சோதனைச்சாவடிகளை அறிந்த தலைமுறை நாங்கள், எங்களுக்கே தோன்றவில்லை.

பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக மண்தட்டுகள் வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. மூன்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். நாங்கள் ஒன்றைப் பல்கனியிலும், ஒன்றைப் படுக்கையறையிலும், ஒன்றைப் பழைய இடத்திலும் வைத்தோம். சாப்பாட்டுக் கோப்பைகளை ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்தோம். நிலம் இல்லாவிட்டால் உயரம் இருக்கிறது: அலுமாரியின் மேலிருந்த சூட்கேஸ்களை இறக்கி, ஏறிப்போக ஒரு மேசை, இறங்கிப்போக மறுபக்கம் ஒரு தட்டு. ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறாக இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் கீழே நிற்பவனுக்கு அதுவும் ஒரு சாவடி. நகம் கூராக்க அரிசிச்சாக்கைக் கதிரைக் காலில் சுற்றிக் கட்டினோம். குசினி யன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் ஸ்ரிக்கர் ஒட்டினோம். மொத்த வேலையிலும் மலிவானதும் அதிகம் பலன் தந்ததும் அதுதான்.

இரண்டையும் மறுபடி சேர்த்தது, புதிதாகப் பெண் பார்க்கப் போவதைப் போன்ற நிதானத்தோடு நடந்தது. முதல் மூன்று வாரம் முகமே காட்டவில்லை. ஒரு சீலைத்துண்டால் ஒன்றின் கன்னத்தைத் தடவி, மற்றதன் படுக்கைக்கருகில் வைப்பேன். கன்னத்திலும் தாடையிலும் பூனையின் சொந்த மணச் சுரப்பிகள் இருக்கின்றன. முதல் நாள் சிங்கன் துணியைக் கண்டு சீறினான். பத்தாம் நாள் அதன்மேல் தூங்கினான். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் அவித்த சாளை மீன். முதலில் கதவிலிருந்து ஆறடி தள்ளி, நாளுக்கு ஓரிரு அங்குலம் கிட்ட. பிறகு கதவுக்குப் பதிலாக நுளம்பு வலை அடித்த சட்டம். யாராவது சாப்பாட்டை விட்டுத் தலைநிமிர்ந்து முறைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் இரண்டடி பின்னால். ஒருநாள் அவசரப்பட்டு வலையை எடுத்ததில் எட்டு நாள் உழைப்பு போனது.

பூனையை அமைதிப்படுத்தவென்று மின்பிளக்கில் செருகிவைக்கும் செயற்கை மணப்பொருட்களும் விற்கிறார்கள். சில வீடுகளில் உதவுகிறது என்கிறார்கள். ஒரே மண்தட்டும் ஒரே வழியும் உள்ள வீட்டில் அது அலங்காரம். துணைக்கு மூன்றாவது பூனை வாங்குங்கள் என்று சொன்ன நண்பருக்கு நான் பதில் சொல்லவில்லை. திடீரெனக் குணம் மாறும் எந்தப் பூனையையும், முக்கியமாக வயதானதை, முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பல்வலியும் மூட்டுவலியும் தைரொயிட் சுரப்பிக் கோளாறும் கோபமாகத்தான் வெளியே தெரியும். எல்லாம் செய்தும் சேராத சோடிகளும் உண்டு. அவற்றை நிரந்தரமாக வெவ்வேறு அறையில் வளர்ப்பதோ, ஒன்றுக்கு நல்ல வேறு வீடு பார்ப்பதோ தோல்வி அல்ல. இரவோடு இரவாகச் சந்தையடியில் விட்டுவருவது வேறு விடயம். சிங்கன் எங்களிடம் வந்ததே அப்படித்தான்.

இப்போது இரண்டும் ஒரே கதிரையில் படுப்பதில்லை. அந்தக் காலம் திரும்பவில்லை. கறுப்பிக்கு அலுமாரியின் மேல், சிங்கனுக்கு மாமியின் கட்டில் விளிம்பு. நடையில் எதிர்ப்பட்டால் அவன் ஒரு பக்கமாக ஒதுங்குகிறான், அவள் சுவரோரமாகக் கடந்து போகிறாள். வெள்ளைக் கடுவன் இன்னமும் தகரக்கூரைக்கு வருகிறது. ஸ்ரிக்கருக்கு அப்பால் அதன் நகம் தகரத்தில் கீறும் சத்தம் கேட்கும்போது, சிங்கன் ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்புகிறான். நான் மாமியைப் பார்க்கிறேன். மாமி அவசரமாகக் குசினிக் கதவைச் சாத்துகிறார்.